வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு போன வாசனையும் சுவையும் திரும்பி வருமா?

பெரும்பாலோருக்குத் திரும்பும், எனக்கும் திரும்பியது, ஆனால் நேராக வரவில்லை.

2021 மே மாதம் காரைக்குடி வீட்டில் கொரோனாவோடு மாடி அறையில் இருந்தபோது, அப்பத்தா கொடுத்தனுப்பிய கோழி ரசத்தில் புளிப்பும் உப்பும் உறைப்பும் இருந்தன, ரசம் மட்டும் இல்லை. "உறைக்குதுங்கிறே, அப்புறம் ருசி எங்கே போச்சு?" என்று அப்பத்தா கீழிருந்து கேட்டது சரியான கேள்விதான். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (கறிச்சாறு, காளான் போன்றவற்றில் இருக்கும் சுவை) ஆகியவற்றை மட்டுமே. உறைப்பு என்பது சுவையே அல்ல, எரிச்சலை உணரும் வேறொரு நரம்பின் வேலை. மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். சர்க்கரையும் உப்பும் நாக்கில் தெரிகின்றனவா என்று சோதித்துப் பாருங்கள். தெரிந்தால் உங்களுக்குப் போனது முக்கியமாக வாசனைதான். (கொரோனாவில் நாக்கின் உணர்வே குறைந்தவர்களும் உண்டு.)

கொரோனா வைரஸ் பெரும்பாலும் தாக்குவது மணத்தை உணரும் நரம்பு செல்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. அதனால்தான் பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. நரம்பு செல்களும் சேதமடைந்தால், அவை புதிதாக முளைத்து மூளையோடு சரியாக இணைவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைக்காலம்தான் கொடுமை. மூன்றாம் மாதம் சின்ன வெங்காயம் வதக்கினால் எரிந்த ரப்பர் வாடை அடித்தது, காப்பியும் அப்படியே. இது மீட்சியின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

அவர் பரிந்துரைத்தது முகர்தல் பயிற்சி. ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையுமாக 12 வாரம் முகரச் செய்தார்கள். பயன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்றாலும் செலவும் ஆபத்தும் இல்லாத வழி இது. அஞ்சறைப்பெட்டிக் கிராம்பு, எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம், பன்னீர் ரோஜா ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றையும் இருபது விநாடி, அதன் பழைய மணத்தை நினைவுக்குக் கொண்டுவந்தபடியே முகர்ந்தேன். மூக்கில் எண்ணெய் விடச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்கவில்லை. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு நோயாகும்.

வாசனை திரும்பாத இந்த நாட்களில் கேஸ் கசிவும் கெட்டுப்போன குழம்பும் உங்களுக்குத் தெரியாது என்பதால், அடுப்படியில் மூக்கு வேலை செய்யும் ஒருவர் உடனிருப்பது நல்லது. சில வாரங்களில் மாற்றம் இல்லையென்றாலோ, தலையில் அடிபட்ட பிறகு வாசனை போயிருந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நாலு மணங்களோடு ஐந்தாவதாகக் கல்பாசியையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். காய்ந்த கல்பாசி அவ்வளவாக மணக்காது, சூடான எண்ணெயில் விழுந்தால்தான் அதன் குணம் வெளிப்படும். ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்புக்குத் தாளிக்கையில், அந்த மரப்பட்டை வாசம் ஒரு நொடி வந்து போனது. காப்பிக்கு அதன் பிறகும் ஓராண்டு பிடித்தது.