நாலரை வயது மகன் கொப்பியைக் கண்டால் அழுகிறான், பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறான். வீட்டிலும் முன்பள்ளியிலும் என்ன செய்யலாம்?

கேள்வியில் இரண்டு முறைப்பாடு இருக்கிறது. ஜனவரியில் முன்பள்ளியில் சேர்த்த மகன் எழுதச் சொன்னால் அழுகிறான். பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கிள்ளுகிறான், அடிக்கிறான். அடுத்த வருடம் ஆண்டு ஒன்று என்பதால் பின்னேரமும் வீட்டில் இருத்தி எழுத வைக்கிறீர்கள், சிலவேளை அவனுக்கு அடியும் விழுகிறது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் பாருங்கள். எந்த நேரத்தில் அடிக்கிறான் என்று ரீச்சரிடம் கேட்டால், அநேகமாக அது கொப்பி விரித்த நேரமாகவோ சாப்பாட்டுக்கு முந்திய அரைமணியாகவோ இருக்கும்.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன், வன்னியில் அநேகமாகப் பிசகுவது அங்கேதான்.

பிள்ளையின் கை ஒரு ஒழுங்கில்தான் முற்றும். மூன்று வயதில் வட்டம் கீறும். நாலில் கூட்டல் அடையாளம் வரும். சதுரத்துக்கு நாலரை, ஐந்து ஆகும். முக்கோணம் ஐந்து தாண்டித்தான். இனி 'அ' என்ற எழுத்தை ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள்: ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கிடைக்கோடு, கடைசியில் ஒரு நிலைக்கோடு. கூட்டல் அடையாளமே ஒழுங்காக வராத கைக்கு இது மலை. 'இ' அதைவிடக் கடினம். எழுதமாட்டேன் என்று அழுகிற பிள்ளை பெரும்பாலும் எழுத ஏலாத பிள்ளை. ஏலாது என்று சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை, அழுகைதான் இருக்கிறது.

விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது என்ன செய்கிறோம்? தட்டில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்துப் பெரிதாக ஒரு எழுத்து. விரல், தானியம், பெரிய அளவு மூன்றும் அந்த வயதுக்குச் சரியாகப் பொருந்தியவை. அடுத்த நாளே பென்சிலும் கோடு போட்ட கொப்பியும் கொடுத்துவிடுகிறோம், பிழை அங்கே வருகிறது. அந்த அரிசித் தட்டை இன்னும் ஆறேழு மாதம் நீட்டினால் போதும்.

அரிசிக்குப் பதில் காய்ந்த குருமணல் எடுங்கள். அலுமினியத் தட்டில் அரை அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மணல் போடமுன் தட்டின் உள்ளே அடியில் கறுப்புக் கடதாசி ஒட்டினால் விரல் போன இடம் பளிச்சென்று தெரியும். செம்மண் வேண்டாம், விரலில் ஒட்டும். முதல் இரண்டு வாரம் எழுத்தே வேண்டாம்: மேலிருந்து கீழ்க் கோடு, இடமிருந்து வலக் கோடு, வட்டம், பிறகு கூட்டல் அடையாளம். அது தடுமாறாமல் வந்தபின் 'ட'. இரண்டே கோடு. அதன்பின் 'ப', பிறகு 'ம'. 'அ' கடைசிக் கிட்ட வரட்டும். அவனுடைய பெயரின் முதல் எழுத்தை அவன் தானாகக் கேட்டால் மட்டும் இடையில் காட்டலாம்.

விரலுக்குப் பலம் வர வேறு வேலை வேண்டும். வயற்களியில் கல் பொறுக்கி எடுத்துவிட்டு, தேசிக்காயளவு உருண்டை கொடுங்கள். உருட்ட, தட்ட, பாம்பாக நீட்டச் சொல்லுங்கள். களி கிடைக்காத இடத்தில் ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்த்துக் குழைக்கலாம். உப்பு கூடியது என்பதால் வாயில் வைத்தாலும் துப்பிவிடுவான். மாரியில் ஈரம் பிடித்து இளகும், கொஞ்சம் மா தூவிப் பிசைந்தால் சரி. உடுப்புக் கொடியில் கிளிப் குத்துவது, கௌபிக் காய் உடைப்பது, பழைய பேப்பரை நீளமாகக் கிழிப்பது எல்லாம் பென்சில் பிடிக்கிற அதே மூன்று விரலின் வேலை. கச்சான் உடைக்கவும் விடலாம், ஆனால் பக்கத்தில் இருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சானும் முழுக் கடலையும் தொண்டையில் சிக்கும், மூக்குக்குள்ளும் போகும். சாப்பிடக் கொடுப்பதானால் இடித்துக் கொடுங்கள்.

கலர் கட்டிகளை ஒரு அங்குலத் துண்டாக முறித்துக் கொடுங்கள். நீளமான கட்டியை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கலாம். ஒரு அங்குலத் துண்டை அப்படிப் பிடிக்க இடமில்லை, பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தாமாக வந்து சேரும். பழைய கலண்டர்த் தாளை அவன் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டி நின்றபடி கீற விட்டால் மணிக்கட்டும் சரியான பக்கம் வளையும். செலவே இல்லாத ஒன்று: ஒரு பேணித் தண்ணீர், ஒரு பழைய பெயின்ற் பிறஷ், ஒரு சீமெந்துச் சுவர். வெயிலில் கோடு காய்ந்து மறைய மறையத் திரும்பக் கீறுவான், நிறுத்தவே மாட்டான்.

செய்யக்கூடாதது இரண்டு. ஒன்று, மாதக்கணக்காகக் கையைப் பிடித்து எழுதுவிப்பது. உங்கள் கைதான் எழுதும், அவன் கை தளர்ந்துபோய்க் கிடக்கும். மற்றது புள்ளி போட்ட எழுத்தின் மேல் கீற வைப்பது. பிள்ளை புள்ளியைப் புள்ளியாக இணைப்பான், எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது என்று படியாது. பேந்து ஆண்டு ஒன்றில் அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது பெரும்பாடு. இடக்கையால் செய்தால் மாற்றவேண்டாம். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாகத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை வழமை, அதற்காக ஏசவேண்டாம்.

நேரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். அவனுக்கு அலுக்கமுன் நீங்கள் நிறுத்துங்கள்.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். இன்றைய முன்பள்ளிப் பெற்றோரில் பலர் 2008, 2009 இல் போரால் இடம்பெயர்ந்து, முகாமில் தறப்பாளுக்குக் கீழே படித்து, பள்ளிக்கூட வருடங்களை இழந்தவர்கள். பிள்ளைக்கு ஒரு நாள்கூட வீணாகக்கூடாது என்ற பதைப்பு நியாயமானது. ஆனாலும் ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியானவனைத்தான் ஆண்டு ஒன்றில் சேர்ப்பார்கள், எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. அங்கே எழுத்து முதலிலிருந்துதான் தொடங்கும். கதை கேட்கவும், தன் முறை வரும்வரை நிற்கவும், தேவையை வாயால் சொல்லவும், தனியாக மலசலகூடம் போய்வரவும் தெரிந்த பிள்ளை அங்கே நன்றாக ஓடும்.

இனி அடிக்கிறதுக்கு வருவோம். ஐந்து நாளைக்கு ரீச்சரும் நீங்களும் சின்னக் கொப்பி ஒன்றில் மூன்று விடயம் குறியுங்கள்: எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, அடித்தபின் அவனுக்கு என்ன கிடைத்தது. மூன்றாவதுதான் முக்கியம். அடித்தவுடன் ஊஞ்சல் கிடைத்ததா? எழுத்து நின்றதா? பெரியவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்களா? எது கிடைத்ததோ அதற்காகத்தான் கை ஓங்குகிறான். அடிக்காமல் அதைப் பெற ஒரு வழியை நாங்கள்தான் காட்டவேண்டும்.

ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் கூடுகிறது என்றால் பசி. விடிய வெறும் தேத்தண்ணியும் விசுக்கோத்தும் என்றால் ஒன்பதரைக்கு மேல் தாங்காது. கஞ்சியோ, பயறு அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டோ, உழுத்தம்மாக் களியோ கொடுத்து அனுப்புங்கள். முன்பள்ளியில் சாப்பாட்டு நேரத்தை அரைமணி முன்னுக்குக் கொண்டுவர ரீச்சரிடம் கேட்கலாம், அவனைப் போல இன்னும் நாலு பிள்ளை இருக்கும். ஊஞ்சல் வரிசையில் என்றால், தரையில் காலடி கீறி, முறைக்குப் பத்து ஆட்டம் என்று எல்லோரும் சேர்ந்து எண்ணினால் சண்டை குறையும். பாயில் நடுவில் நெருக்கி இருக்கும்போது என்றால் ஓரத்தில் இடம் கொடுக்க வேண்டும்.

அடிக்கும்போது செய்ய வேண்டிய ஒழுங்கு இது. கையை மெதுவாகப் பிடியுங்கள். கண் மட்டத்துக்குக் குனிந்து ஒரு வசனம்: "அடிக்கிறேல்லை ராசா, நோகும்." உடனே அடிபட்ட பிள்ளையிடம் போங்கள், முதல் கவனிப்பு அந்தப் பிள்ளைக்கு. இவன் அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள், பிரசங்கம் வேண்டாம். கத்துகிற நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. அடங்கியபின், "எனக்குத் தாங்கோ எண்டு கேளுங்கோ" என்று சொல்லிக்கொடுத்து, அதே இடத்தில் ஒருமுறை கேட்க வைத்து, கேட்டவுடன் அந்தச் சாமானை அல்லது முறையைக் கொடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் முன்னையதெல்லாம் வீண். வீட்டில், முன்பள்ளியில், அம்மம்மா வீட்டில் மூன்று இடத்திலும் அதே வசனம் வேண்டும். ரீச்சர் ஒன்று சொல்ல, அப்பா தடியெடுக்க, அம்மம்மா "பாவம் பிள்ளை" என்று தூக்கினால் அவன் ஆளுக்கொரு சட்டம் என்று படித்துக்கொள்வான்.

அடித்ததற்கு அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பெரிய ஆள் சின்ன ஆளை அடிக்கலாம் என்பதுதான் அவனுக்கு அதில் பதிகிறது, நாளைக்கு அவன் தேடுவது தன்னைவிடச் சின்னப் பிள்ளையை. "ஆமி வருவான், பொலிஸ் பிடிக்கும், ஊசி போடுவினம்" என்ற வெருட்டும் வேண்டாம். இந்த மண்ணில் அந்தச் சொற்களுக்கு இருக்கிற பாரம் பிள்ளைக்குத் தெரியாது, ஆனால் சொல்லும்போது உங்கள் முகம் மாறுவது தெரியும். இரவில் அலறி எழும்புவதும் ஊசிக்குக் கை கொடுக்காததும் பிறகு வரலாம்.

காலநேரத்தையும் பாருங்கள். முன்பள்ளி தொடங்குவதும் காலபோக நெல் அறுவடை தொடங்குவதும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது. விடிய அம்மாவும் அப்பாவும் வயலில், கொண்டுபோய் விடுவது ஒரு நாள் மாமி, ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா. புது இடத்துக்குப் போகிற பிள்ளைக்கு இது கூடுதல் பாரம். அறுவடை முடியும்வரை ஒரே ஆள் விடட்டும். பத்து நிமிடம் முந்திப் போய், ரீச்சரின் கையில் கொடுத்து, "சாப்பிட்டு, விளையாடி, பாட்டுப் படிச்சு முடிய வருவன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். மணி சொன்னால் அவனுக்கு விளங்காது. ஒளித்து ஓடினால் அடுத்த நாள் கையை விடவே மாட்டான்.

நித்திரை பகலும் இரவுமாக 10 முதல் 13 மணித்தியாலம். போன் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், சாப்பிடும்போதும் படுக்கமுன்னும் அறவே வேண்டாம்.

ரீச்சரோடு வாசலில் நின்று, பிள்ளைக்குக் கேட்க முறைப்பாடு பேசவேண்டாம். முன்பள்ளி விட்டபின் பதினைந்து நிமிடம் கேட்டு இருந்து கதையுங்கள். குறித்த கொப்பியைக் கொண்டுபோங்கள். "என்ர பிள்ளை இன்னும் ஏன் எழுதேல்லை" என்று தொடங்கினால் ரீச்சர் நாளைக்கு இன்னும் ஒரு பக்கம் எழுத வைப்பார். எழுத்துக் கூட வேண்டும் என்று கேட்டு நெருக்குவது பல இடத்தில் பெற்றோர்தான். "மணல் தட்டோடு தொடங்குவோமா, கொப்பி கொஞ்சம் பிந்தட்டும்" என்று நீங்களே சொன்னால் அவருக்கும் மூச்சு வரும்.

ஒரு எச்சரிக்கை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாமை, காதில் சீழ் வடிதல், வெளியாட்களுக்குப் பேச்சு விளங்காமை, மற்றப் பிள்ளைகளோடு சேரவே விருப்பமின்மை, முன்பு கதைத்த சொற்களை இழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். காது கேளாத பிள்ளையைக் குழப்படிக்காரன் என்று அடிப்பது நடக்கிறது. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள், அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். வீட்டிலோ முன்பள்ளியிலோ பிள்ளைக்கு யாராவது துன்பம் செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

புது முறையைத் தொடங்கிய முதல் வாரம் அவன் அடிப்பது கூடலாம். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று அவன் இன்னும் பலமாகச் சோதித்துப் பார்ப்பான். பலர் அந்த இடத்தில்தான் "இதெல்லாம் சரிவராது" என்று தடியைத் திரும்ப எடுக்கிறார்கள். கொப்பியில் தொடர்ந்து குறியுங்கள். குறைகிறதா என்பதை இரண்டாம், மூன்றாம் வாரத்தின் எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள்.