மூன்று முறை குடியுரிமை பெற்ற மனிதர்: வட அமெரிக்கக் குடியேறிகளின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய இந்தியர்களைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிறு வரலாறுகள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதலில் பகத் சிங் திண்ட். அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது ஓரிடத்தில் 1918 என்றும், இன்னோரிடத்தில் 1920 என்றும், வேறோரிடத்தில் 1936 என்றும் இருக்கிறது. எதை நம்புவது? அசல் ஆவணங்கள் எங்கே இருக்கும்? ஊரைவிட்டு நகராமல் அவற்றைப் பார்க்க வழி உண்டா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் பார்த்த மூன்று ஆண்டுகளுமே சரி. திண்ட் மூன்று முறை குடியுரிமை பெற்றார், இரண்டு முறை அதைப் பறிகொடுத்தார். 1892இல் பஞ்சாபில் பிறந்தவர், 1913 ஜூலை 4 அன்று சியாட்டிலில் கப்பலை விட்டு இறங்கினார். ஓரிகன் மாநில மர ஆலைகளில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். 1918 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் அவருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். வெள்ளையர் அல்ல என்று சொல்லி நான்கே நாளில் அதை ரத்து செய்தார்கள். 1920 நவம்பரில் ஓரிகனில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் மறுபடி வழங்கியது. அரசு விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923 பிப்ரவரி 19 அன்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. பிறகு 1935இல், முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் நியூயார்க்கில் மூன்றாவது முறையாகக் குடியுரிமை பெற்றார். ஆளுக்கொரு சான்றிதழை மட்டும் பார்த்து எழுதியதால்தான் இணையத்தில் இந்தக் குழப்பம்.

இதனால் நான் சொல்வது: ஆளைத் தேடுவதற்கு முன்னால் அந்தக் காலத்துச் சட்டத்தைப் படியுங்கள். குடியேறிய ஒருவர் எந்தெந்த அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதைச் சட்டம்தான் முடிவு செய்தது. நின்ற இடத்திலெல்லாம் ஒரு காகிதம் உருவானது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் அடிமையல்லாத வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை விண்ணப்பத்தை அனுமதித்தது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியர்கள் வெளியே நின்றார்கள். இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946இல்தான் முறையாகத் திறந்தது. இது தெரிந்தால், தலிப் சிங் சௌந்த் 1920லேயே அமெரிக்கா போய், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியும் ஏன் 1949 வரை குடிமகன் ஆகவில்லை என்ற கேள்வியே எழாது. 1956 தேர்தலில் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். சட்டம் இரண்டே ஆண்டு தள்ளிப் போயிருந்தால்கூட அந்தத் தேர்தலில் அவர் நின்றிருக்க முடியாது, ஏனென்றால் குடிமகனாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி.

திண்டுக்கு நீங்கள் தொடங்க வேண்டிய இடம் தீர்ப்புகள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைவிட உங்களுக்குப் பயன்படுவது 1920இல் ஓரிகன் நீதிபதி வுல்வர்டன் எழுதிய தீர்ப்பு. இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சியை ஒழிக்க வட அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள் தொடங்கிய கதர் இயக்கத்தோடு திண்டுக்குத் தொடர்பு உண்டு என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டதையும், அவர் அதை மறுத்ததையும், அவருடைய ராணுவ நடத்தை நன்றாக இருந்ததையும் நீதிபதி எடைபோடுகிறார். பொதுவாகத் தீர்ப்புகளில் சட்ட வாதத்தை மட்டும் படித்துவிட்டு வாழ்க்கைத் தகவல்களை விட்டுவிடுகிறார்கள். சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலத்திலிருந்து வந்த தகவல்கள் அவை. வேறெங்கும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காது.

அடுத்தது கப்பல் பயணிகள் பட்டியல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் அவசரத்தில் பாதியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். 1907க்குப் பிறகு வந்த பட்டியலில் ஒவ்வொரு பயணிக்கும் 29 கட்டங்கள். பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த இனம், கடைசியாக இருந்த ஊர், ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் என்று ஒரு பக்கம் போகும். இரண்டாம் பக்கத்தில் பயணச் செலவு யார் கொடுத்தது, கையில் ஐம்பது டாலர் இருக்கிறதா, யாரிடம் போய்ச் சேரப் போகிறார், சிறைக்குப் போனவரா, பலதார மணத்தை ஏற்பவரா, உயரம், நிறம், உடலில் உள்ள அங்க அடையாளம், பிறந்த ஊர். திரையில் ஒரு பக்கம்தான் முதலில் தெரியும். அடுத்த படத்துக்குப் போய் அதே வரிசை எண்ணைத் தேடுங்கள். ஊரில் இருந்த அப்பாவின் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். அமெரிக்காவில் யாரை நம்பிப் போனார் என்பது இரண்டாம் பக்கத்தில் இருக்கும். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு இந்த இரண்டும் வேண்டும். சில பெயர்களின் வரிசையில், பெரும்பாலும் தொழில் கட்டத்தில், பிற்பாடு கையால் எழுதிய எண்களும் தேதியும் தெரியும். பல ஆண்டுகள் கழித்து அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, உண்மையாகவே அந்தக் கப்பலில்தான் வந்தாரா என்று ஒரு எழுத்தர் சரிபார்த்த குறிப்பு அது. அதைப் பார்த்தால் குடியுரிமைக் கோப்பும் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிகள் வந்தவர்களின் பெயரை மாற்றினார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் உண்டு. அதை எழுதிவிடாதீர்கள். பட்டியல், கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தார் எழுதியது. தீவில் இருந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் வந்தவர்களே பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

பெயர் பற்றிச் சொல்லும்போது நம்மவர்களுக்கு உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சிங் என்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை ஒரே தலைப்பில் போட்டிருப்பார்கள். எழுத்துக்கூட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இனம் என்ற கட்டத்தில் சீக்கியரையும் முஸ்லிமையும்கூட இந்து என்றே எழுதினார்கள். 1920, 1930, 1940 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அப்படி ஒரு இன வகையே இருந்தது. எனவே மதத்தை அந்தக் கட்டத்திலிருந்து எடுக்காதீர்கள், ஆனால் தேடுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். தமிழர் என்றால் அப்பா பெயரால் தேட வேண்டியிருக்கலாம், சொந்தப் பெயராலும் தேட வேண்டியிருக்கலாம். வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு அப்பா பெயர் சுப்பிரமணியன் முன்னால் வந்து, சொந்தப் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

குடியுரிமைக் கோப்புக்கு நினைவில் வைக்க வேண்டிய தேதி 1906 செப்டம்பர் 27. அதற்கு முன்னால் நகராட்சி, மாவட்ட, மாநில, கூட்டாட்சி நீதிமன்றம் எதில் வேண்டுமானாலும் குடியுரிமை வாங்கலாம். பல இடங்களில் பெயரும் பழைய நாடும் தவிர ஒன்றுமே எழுதவில்லை. அன்றிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே படிவம், ஒரு நகல் மத்திய அலுவலகத்துக்கு. முதலில் குடிமகன் ஆக விரும்புகிறேன் என்ற அறிவிப்பு, சில ஆண்டு கழித்து விண்ணப்பம், பிறகு சான்றிதழ். சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிட வேண்டாம். அறிவிப்பிலும் விண்ணப்பத்திலும்தான் பிறந்த தேதி, கப்பலின் பெயர், மனைவி மக்கள் விவரம், சாட்சி சொன்னவர்கள் எல்லாம் இருக்கும். குடியுரிமையே வாங்காதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1940இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் எல்லோரும் கைரேகையோடு பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் படிவத்தில் வந்த தேதி, வேலை, சேர்ந்திருந்த அமைப்புகள் வரை கேட்டார்கள்.

பெண்களின் விஷயத்தில் இந்த வழிகள் சட்டென்று மங்கிவிடும். 1922 வரை கணவன் குடிமகன் ஆனால் மனைவியும் ஆகிவிடுவார், அதனால் அவர் பெயரில் தனிக் கோப்பு இருக்காது. கணவனுக்குப் போனால் மனைவிக்கும் போய்விடும். கலா பாகாய் என்ற பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1915இல் கணவர் வைஷ்ணோ தாஸோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோவில் ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையம் வழியாக வந்து இறங்கினார். உள்ளூர்ச் செய்தித்தாள் அவரைப் பற்றி எழுதியது, ஆனால் தலைப்பே அவருடைய மூக்குத்தியைப் பற்றித்தான். கணவர் 1921இல் குடிமகன் ஆனார். திண்ட் தீர்ப்புக்குப் பிறகு அதைப் பறித்துக்கொண்டார்கள். 1928இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குடியுரிமை போனதை விளக்கி அவர் எழுதிய கடிதம் செய்தித்தாளில் வெளியானது. கணவரைப் பற்றி இவ்வளவு காகிதம் உண்டு. பெர்க்லியில் அவர்கள் வாங்கிய வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் நுழைய விடவில்லை என்பது எப்படித் தெரிந்தது? கலா வயதான காலத்தில் கொடுத்த நேர்காணலில் அவர் வாயாலேயே சொன்னது. பெண்களுக்கு நேர்காணல், குடும்பக் கடிதம், புகைப்படத்தின் பின்பக்கத்தில் எழுதிய குறிப்பு, இவற்றை முதலில் தேடுங்கள். தெற்காசிய அமெரிக்கர்களின் வரலாற்றைச் சேகரிக்கும் சாடா என்ற மின் காப்பகத்தில் பாகாய் குடும்பத்தின் படங்களும் கடிதங்களும் இருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கனடா பக்கம் போனால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். 1947 வரை கனடாவுக்குத் தனிக் குடியுரிமை கிடையாது, எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவரும் பிரிட்டிஷ் பிரஜைதான், ஆகவே அவருக்குக் குடியுரிமைக் கோப்பைத் தேடிப் பயனில்லை. வாக்காளர் பட்டியலும் உதவாது. பிரிட்டிஷ் கொலம்பியா 1907இல் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்தது, 1947இல்தான் திருப்பிக் கொடுத்தது. அங்கே கிடைப்பது துறைமுகப் பதிவேடு, கணக்கெடுப்பு, மாகாண இறப்புப் பதிவு, குருத்வாராப் பதிவுகள், மர ஆலைச் சம்பளப் பட்டியல். 1914 மே மாதம் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கோமகாட்டா மாரு கப்பலில் 376 பேர் இருந்தார்கள். இரண்டு மாதம் நிறுத்திவைத்து, 24 பேரை மட்டும் இறங்க விட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கப்பல் தொடர்பான ஆவணங்கள் பலவற்றை சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது.

சில ஆவணங்கள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. 1890 கணக்கெடுப்பு 1921இல் நடந்த தீ விபத்தால் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகர ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1912க்கும் 1960க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. திண்ட் காலத்து வீரர்களுக்கு அதனால் ராணுவக் கோப்பை நம்பி உட்கார வேண்டாம். 1917, 1918இல் எடுத்த கட்டாய ராணுவப் பதிவு அட்டைகள் தனியாகப் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால், அந்தத் தகவலை யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது என்று பாருங்கள். கணக்கெடுப்பாளரிடம் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். இறப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைச் சொன்னவர் இறந்தவர் அல்ல. சொந்த ஊரில் பிறப்பைப் பதியும் வழக்கமே இல்லாத காலத்தில் போனவர்களுக்கு, ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு வயது இருப்பது சாதாரணம். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எழுதினாலும் இரண்டையும் சொல்லி, நீங்கள் எதை ஏன் நம்புகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும்.

சரி, கோவையிலிருந்து என்ன முடியும்? முக்கால்வாசி முடியும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பயணிகள் பட்டியல், குடியுரிமை விண்ணப்பம், ராணுவ அட்டை எல்லாம் தேடலாம். எல்லிஸ் தீவு அறக்கட்டளையின் தளமும் இலவசம். அமெரிக்கக் கணக்கெடுப்பை 72 ஆண்டு கழித்துத்தான் திறப்பார்கள், எனவே இப்போதைக்கு 1950 வரை. கனடாவில் 92 ஆண்டு, 1931 வரை. பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா. விஞ்ஞானிகள் என்றால் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் நேர்காணல் தொகுப்பைப் பாருங்கள். 1977இல் சந்திரசேகர் கொடுத்த நீண்ட நேர்காணலின் எழுத்து வடிவம் அங்கே இருக்கிறது. ஏஞ்சல் தீவு விசாரணைக் கோப்புகளுக்கு சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர், வந்த ஆண்டு, கப்பல் ஆகிய மூன்றையும் எழுதிக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். வெறும் பெயரோடு கேட்டால் அவர்களுக்கும் கஷ்டம்.

1906க்குப் பிந்தைய குடியுரிமைக் கோப்பின் மத்திய நகல், அமெரிக்கக் குடியேற்றத் துறையின் வம்சாவளிப் பிரிவில் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டியது. மாதக்கணக்கில் ஆகும், அதனால் இந்த விண்ணப்பத்தை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள். கோப்பு எண் தெரிந்தால் நேராகக் கேட்கலாம், தெரியாவிட்டால் முதலில் எண்ணைத் தேடித் தரும் விண்ணப்பம், பிறகு கோப்புக்கு இன்னொன்று. பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர் என்றால் இறந்ததற்கான சான்றையும் இணைக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வராவிட்டால், அச்சில் வந்த இரங்கல் செய்தியின் நகலை வைத்து அனுப்பலாம்.