பேடல் ஸ்கோர்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, நான் டென்னிஸே பார்த்ததில்லை. 15, 30, 40 என்று எதைச் சொல்கிறார்கள்?

பேடல் என்பது கண்ணாடிச் சுவரும் கம்பிவலையும் சூழ்ந்த மைதானத்தில் ஜோடி ஜோடியாக ஆடும் மட்டைப் பந்தாட்டம், ஸ்கோர் டென்னிஸ் போலத்தான். முதல் புள்ளி 15, இரண்டாவது 30, மூன்றாவது 40, நான்காவது எடுத்தால் கேம். இந்த எண்களில் கணக்கு எதையும் தேடாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு வைத்த பெயர்கள் அவ்வளவுதான். 6 கேம் எடுத்தால் ஒரு செட், ஆனால் 2 கேம் வித்தியாசம் வேண்டும். 6-4 போதும், 6-5 போதாது. 7-5 ஆனால் முடிந்தது, 6-6 ஆனால் டை-பிரேக், அதாவது செட்டை முடிவு செய்யும் தனிக் கேம், விவரம் கீழே. மூன்றில் இரண்டு செட் எடுத்த ஜோடிக்கு வெற்றி.

சர்வ், அதாவது புள்ளியைத் தொடங்கும் முதல் அடி, போடும் ஜோடியின் ஸ்கோரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 15-30 என்றால் சர்வ் போடுபவர்களுக்கு ஒரு புள்ளி, எதிரணிக்கு இரண்டு.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்வேன்: ஒவ்வொரு சர்வுக்கும் முன் ஸ்கோரை வாய்விட்டுச் சொல்லுங்கள். போன வாரம் நான் ஆடிய ஆட்டத்தில் ஒரு நீண்ட ராலி, பந்து நெட்டைத் தாண்டி மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பந்து கண்ணாடியில் பட்டுப் பட்டுத் திரும்பியது. முடிந்ததும் நால்வரும் மூச்சு வாங்கியபடி பேசாமல் இடத்துக்குப் போனோம். நான் 40-15 என்றேன், எதிரில் இருந்தவர் 30-15 என்றார். கடைசி சர்வை எந்தப் பக்கமிருந்து போட்டேன் என்று யோசித்தேன். இடப்பக்கம், சர்வ் கோட்டுக்குப் பின்னால், பக்கக் கம்பிவலையை ஒட்டி நின்றது நினைவிருந்தது. கேமில் விழுந்த மொத்தப் புள்ளி இரட்டைப்படை என்றால் சர்வ் வலப்பக்கமிருந்து, ஒற்றைப்படை என்றால் இடப்பக்கமிருந்து. இடமிருந்து போட்டேன் என்றால் அப்போது 3 புள்ளி முடிந்திருந்தது, இப்போது 4. ஆகவே 40-15. அவரும் ஒத்துக்கொண்டார்.

இந்த வழி எப்போதும் உதவாது. ஒருவர் 40-15, மற்றவர் 30-30 என்றால் இரண்டிலுமே மொத்தம் 4 புள்ளிதான். அப்போது நால்வரும் ஒத்துக்கொண்ட கடைசி ஸ்கோருக்குத் திரும்பிப் போவதே சண்டையில்லாத வழி.

சர்வ் குத்திவிட்டுச் சுவரில் பட்டால் ஃபால்ட்டா?

கண்ணாடியில் பட்டால் நல்ல சர்வ். கம்பிவலையில் பட்டால் ஃபால்ட், அதாவது செல்லாத சர்வ். நெட்டை உரசிக் கட்டத்துக்குள் விழுந்தால் லெட், மறுபடி போடலாம். உரசி, விழுந்து, கம்பிவலைக்கும் போனால் ஃபால்ட். ஒரு புள்ளிக்கு சர்வ் வாய்ப்பு இரண்டு.

நான் அடித்த ஸ்மாஷ் அவர்கள் பக்கம் தரையில் குத்தி, பின் கண்ணாடியில் மோதி, நெட்டைத் தாண்டி எங்கள் பக்கமே திரும்பி வந்துவிட்டது. யாருக்குப் புள்ளி? இதனால் ஆட்டமே நின்றுபோனது.

அவர்கள் தொடவில்லை என்றால் உங்களுக்கு. உங்கள் அடி அவர்கள் பக்கம் ஒருமுறை சரியாகக் குத்திவிட்டது, அதைத் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. இப்படித் திரும்பி வரும் பந்தை மட்டும் அவர்கள் நெட்டுக்கு மேல் கை நீட்டி உங்கள் பக்கத்திலேயே அடிக்கலாம். ஆனால் உடல், மட்டை, சட்டை எதுவும் நெட்டில் படக்கூடாது. பட்டால் புள்ளி போச்சு.

இதே தர்க்கத்தில் மற்றதையும் புரிந்துகொள்ளலாம். குத்திவிட்டுப் பக்கச் சுவரைத் தாண்டி வெளியே பறந்தால் புள்ளி உங்களுக்கு. வெளியே ஆட அனுமதி உள்ள மைதானம் என்றால் அவர்கள் கதவு வழியாக ஓடிப்போய் எடுத்துத் திருப்பலாம். குத்தாமல் நேராக அவர்கள் கண்ணாடியிலோ கம்பியிலோ பட்டால் புள்ளி அவர்களுக்கு. உங்கள் பக்கக் கண்ணாடியில் நீங்களே அடித்து அதன் வழியே பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பலாம், உங்கள் கம்பிவலையில் அடித்து அனுப்பக்கூடாது.

பேடலுக்கு எந்த மட்டை வாங்கலாம்?

இன்று ஸ்கோர் மட்டும்.

40-40 வந்தால் ஒரே புள்ளியா, இரண்டு வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் உண்டு. பழைய முறையில் 40-40 என்பது ட்யூஸ். அடுத்த புள்ளி எடுத்தவருக்கு அட்வான்டேஜ், அதற்கடுத்ததும் எடுத்தால் கேம், இல்லையென்றால் மறுபடி ட்யூஸ். கோல்டன் பாயின்ட் முறையில் 40-40இல் ஒரே புள்ளி, அதோடு கேம் முடிந்தது. சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் ஜோடி, அதாவது சர்வை எதிர்கொள்ளும் ஜோடி, முடிவு செய்யும், ஆனால் அதற்காக இருவரும் இடம் மாறிக்கொள்ள முடியாது. உலக பேடல் டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடர் 2020இல் இதைக் கொண்டுவந்தது.

எந்த முறை என்பதை முதல் சர்வுக்கு முன்பே பேசி முடியுங்கள். 40-40இல் நின்றுகொண்டு பேசினால் எப்படி முடிவெடுத்தாலும் ஒரு ஜோடிக்கு மனக்கசப்புதான்.

கோல்டன் பாயின்ட் சூதாட்டம் சார். நன்றாக ஆடியவன் ஒரு பந்தில் தோற்கிறான்.

சூதாட்டம் இல்லை, ஆனால் உங்கள் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. சர்வ் ஜோடி நூற்றில் 60 புள்ளி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோல்டன் பாயின்ட்டில் அந்தக் கேமை எடுக்க வாய்ப்பு 60 சதவீதம். அட்வான்டேஜ் முறையில் அதே ஜோடிக்குச் சுமார் 69. வலிமையான பக்கத்துக்கு 9 சதவீதம் குறைகிறது.

அதைத்தான் நானும் சொன்னேன்!

பொறுங்கள். அந்த 60 எங்கிருந்து வருகிறது? பேடலில் சர்வே இடுப்புக்குக் கீழே போடுவது, அதில் பெரிய அடி இல்லை. சர்வ் போட்டவுடன் நெட்டுக்கு ஓடிப்போய் நிற்கலாம், எதிரணி பின்னால் கண்ணாடியோரம் மாட்டிக்கொள்ளும், லாபம் அங்கேதான். கோல்டன் பாயின்ட் அந்த லாபத்தைக் குறைத்து, சர்வை முறிக்க, அதாவது எதிரணி சர்வ் போடும் கேமையே எடுக்க, ரிட்டர்ன் ஜோடிக்கு வழி விடுகிறது. எனக்கு அது பிடிக்கும்.

ரிட்டர்ன் ஜோடியே பக்கத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது இரட்டைச் சலுகை ஆகாதா?

சலுகைதான். ஆனால் யார் வாங்கப் போகிறார் என்று சர்வ் போடுபவருக்கும் தெரிந்துவிடுகிறது. வாங்குபவரின் பேக்ஹேண்டுக்கோ உடம்புக்கோ குறிவைத்துப் போடலாம்.

நடுவழி ஏதாவது உண்டா?

உண்டு. ஸ்டார் பாயின்ட் என்று சர்வதேச பேடல் கூட்டமைப்பு 2026க்குக் கொண்டுவந்த முறை. இரண்டு முறை அட்வான்டேஜ் ஆடலாம். மூன்றாவது ட்யூஸ் வந்தால் ஒரே புள்ளி. மேலே சொன்ன அதே 60க்கு இதில் கிடைப்பது சுமார் 67. அட்வான்டேஜின் நியாயம் பெரும்பாலும் தங்குகிறது, கேம் முடிவில்லாமல் நீளவும் நீளாது. சூதாட்டம் என்று சொன்ன நண்பர் இதை ஆடிப் பார்க்க வேண்டும்.

40-40 ஆனால் என்ன செய்வது?

மேலே பாருங்கள். முதல் சர்வுக்கு முன் பேசுங்கள்.

பிக்கிள்பால் ஸ்கோரும் இதேதானா?

இல்லை. அது வேறு ஆட்டம், அதை ஆடுபவரிடம் கேளுங்கள்.

டை-பிரேக்கில் யார் எப்போது சர்வ் போடுவது என்பதில் எப்போதும் குழப்பம்.

முறைப்படி அடுத்து சர்வ் போட வேண்டியவர் வலப்பக்கமிருந்து ஒரே ஒரு புள்ளிக்குப் போடுவார். பிறகு எதிரணியில் முறைவந்தவர் இரண்டு புள்ளிக்கு, முதலில் இடமிருந்து, அடுத்து வலமிருந்து. அதன்பின் எல்லோரும் இரண்டிரண்டு. ஒவ்வொரு 6 புள்ளிக்கும் பக்கம் மாறுங்கள். 7 புள்ளி, 2 வித்தியாசம். 7-6 என்றால் முடியவில்லை, 8-6 வரை போக வேண்டும். மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக் ஆடுவதும் உண்டு. அதையும் முன்பே பேசுங்கள்.

8 பேர் சேர்ந்து அமெரிக்கானோ என்ற, சுற்றுக்குச் சுற்று ஜோடி மாறும் முறையில் ஆடினோம். ஜோடி மாறிக்கொண்டே இருந்தால் வெற்றி யாருக்கு?

தனியாளுக்கு. அதில் 15, 30 கிடையாது. ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 24 புள்ளி என்று வைத்தால், 15-9 என முடியும்போது வென்ற இருவர் கணக்கிலும் ஆளுக்கு 15, தோற்ற இருவருக்கும் ஆளுக்கு 9. 8 பேர் 7 சுற்று ஆடினால் ஒவ்வொருவரும் மற்ற 7 பேரோடும் ஒருமுறை ஜோடி சேரலாம். கடைசியில் கூட்டுத்தொகை அதிகம் உள்ளவர் வென்றவர். தோற்கிற ஆட்டத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு உண்டு, 5-15இல் கையைத் தொங்கப் போட்டுவிடாதீர்கள்.

டை-பிரேக் முடிந்தபின் அடுத்த செட்டில் யார் சர்வ்?

டை-பிரேக்கில் முதல் சர்வ் போடாத ஜோடி. அவர்களில் யார் தொடங்குவது என்பது அவர்கள் விருப்பம். இடம் மாறி நிற்க நினைக்கும் ரிட்டர்ன் ஜோடியும் இங்கேதான் மாறிக்கொள்ள வேண்டும். செட் தொடங்கிவிட்டால் முடியும்வரை மாற்ற முடியாது.