காந்தம் கடைமடைக்கு வருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் தஞ்சாவூரில் முதுகலை வேதியியல் படிக்கிறாள். உலோகமும் கரிமச் சேர்மமும் இணைந்த படிகங்களின் மின், காந்தப் பண்புகளை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். 2025 நோபல் பரிசின்போது நாளிதழ்களில் அவற்றின் துளைகளைப் பற்றித்தான் எழுதினார்கள். துளை விழுந்த படிகத்தில் காந்தம் எப்படி வரும்? வந்தால் பம்புசெட் மோட்டாருக்கு ஆகுமா?

வாசகர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள நண்பருக்கு,

மோட்டாருக்கு ஆகாது. ஆனாலும் உங்கள் மகள் எடுத்திருப்பது நல்ல தலைப்பு.

மின்பண்பு இவ்வகைப் படிகங்களுக்குப் புதிதல்ல. சோடியமும் பொட்டாசியமும், புளியில் இருக்கிற அதே டார்ட்டாரிக் அமிலத்துடன் சேர்ந்தால் ரோஷெல் உப்பு. படிகம் தானாகவே மின்முனைகள் கொண்டிருப்பதும், வெளியே மின்புலம் கொடுத்தால் அவை திசை மாறுவதும் 1920இல் ஜோசப் வாலசெக் முதன்முதலில் கண்டது அதில்தான். மைனஸ் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரைதான் அந்தப் பண்பு நிற்கும். நம் சித்திரை வெயிலில் ஒன்றும் மிஞ்சாது.

காந்தத்தின் பாடு இன்னும் மோசம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் அழகை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உலோக அயனியின் காந்தச் செல்வாக்கும், அடுத்த அயனியோடு அதை இணைக்கும் கரிமப் பாலம் நீள நீள அப்படித்தான் இளைக்கிறது. மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவில் இரும்புகளுக்கு நடுவே ஒரே ஓர் ஆக்சிஜன். சுமார் 585 டிகிரி வரை காந்தம் தாங்குகிறது. உங்கள் மகள் எடுத்த வகையைச் சேர்ந்த டைமெத்தில் அம்மோனியம் மாங்கனீசு ஃபார்மேட்டில் நடுவே மூன்று அணுக்கள். மாங்கனீசும் ஃபார்மேட்டும் கட்டிய கூண்டுக்குள் இருக்கும் கரிம அயனி மைனஸ் 88 டிகிரியிலேயே அடங்கி, மின் ஒழுங்கு வந்துவிடுகிறது. மாங்கனீசின் காந்த ஒழுங்குக்கோ மைனஸ் 265 வரை இறங்க வேண்டும். அதுவும் எதிரெதிராக நிற்கும் காந்தங்கள் சற்றே சாய்வதால் மிஞ்சும் மெல்லிய காந்தம்.

பெரிய துளைக்கு நீண்ட பாலம் வேண்டும், வலுவான காந்தத்துக்குக் குட்டைப் பாலம் வேண்டும். நாளிதழ்கள் புகழ்ந்த துளையே காந்தத்துக்கு எதிரி. பாலத்தை இரண்டே அணுக்கள் கொண்ட சயனைடு அளவுக்குச் சுருக்கியபோது, வனேடியமும் குரோமியமும் கொண்ட ஒரு படிகம் 100 டிகிரிக்கு மேலும் காந்தமாக நின்றது (1999). ஒரே படிகத்தில் மின்புலத்தால் காந்தத்தைத் திருப்ப முடிந்தால் நினைவகச் சில்லுகளுக்கு உதவும். அந்த ஆசையில்தான் பலர் இதில் உழைக்கிறார்கள்.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் துளைகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரில் புரோட்டான்கள் ஓடி, படிகமே மின்சாரம் கடத்துவதுபோல் காட்டும். மாதிரியை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்திய பிறகு எடுத்த அளவுகளை மட்டும் ஏட்டில் எழுதட்டும்.