பட்டறைப் பதில்கள்: சத்தம் குறைந்தது, இழுவையும் போனது

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய 1987 மாடல் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்ததால் இங்கே ஒரு பட்டறையில் விட்டேன். வால்வைத் திறக்கத் தள்ளும் டேப்பட்டை டைட் செய்து கொடுத்தார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்கப்புறம் வண்டியில் இழுவையே இல்லை. போடிமெட்டு ஏற்றத்தில் மனைவியோடு போனால் இரண்டாவது கியரிலேயே திணறுகிறது. சூடானால் ஐடிலிங்கிலும் நின்றுவிடுகிறது. சிலிண்டர் போர் (பிஸ்டன் ஓடும் உட்சுவர்) தேய்ந்து போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, எஞ்சினை இறக்க அவசரப்படாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. டேப்பட்டை டைட் செய்த பிறகுதான் இழுவை போயிருக்கிறது. போர் தேய்மானம் ஒரே நாளில் வராது. வந்தால் சைலன்சரில் நீலப்புகையும் கூடவே வரும். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

பழைய புல்லட்டில் டேப்பட் கொஞ்சம் பேசத்தான் செய்யும். அதை வாயடைக்க வேண்டும் என்று இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், அந்த இடுக்கு வழியாகப் போய்விடும். எஞ்சின் சூடாகி வால்வுத் தண்டு நீண்டால் இடுக்கு இன்னும் பெரிதாகும். சூட்டில் ஐடிலிங் நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்று, வால்வின் சூடு இறங்குவது பெரும்பாலும் அது மூடி, தன் சீட்டில் (ஹெட்டில் உள்ள வளையத்தில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். உட்காராத எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிவிடும். அதனால் சரிபார்க்கும் வரை மலையேற்றம் வேண்டாம்.

காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது பாருங்கள். வலப்பக்கம் சிலிண்டர் அடியில் ஒற்றை நட்டில் நிற்கும் டேப்பட் கவரைக் கழற்றுங்கள். உள்ளே டேப்பட்டிலிருந்து மேலே போகும் இரண்டு கம்பிகள், அதாவது புஷ்ராடு, தெரியும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். காற்று விரலைத் தள்ளும். அதுதான் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக். பிஸ்டன் மேலே வந்ததும் நிறுத்துங்கள். இப்போது இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். தயங்காமல் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. இந்த வண்டிக்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ்கூடத் தேவையில்லை, விரல் போதும். சுழல மறுக்கிறதா, இறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். லாக் நட்டை முறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை சுழற்றிப் பார்க்க மறக்காதீர்கள். முறுக்கும்போது அளவு நகரும். பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அப்படியே இடக்கைப் பக்கம், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரெஸர் லீவரையும் கவனியுங்கள். கேபிளில் கொஞ்சமாவது தளர்ச்சி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் குட்டி வால்வு எப்போதும் லேசாகத் திறந்தே கிடக்கும். அதுவும் இழுவையைத் தின்னும்.

இத்தனையும் செய்து இழுவை திரும்பவில்லையென்றால், பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி கிக் செய்து பாருங்கள். கிக்கர் முன்னைவிடக் கனத்தால் பிஸ்டன் ரிங், போர் பக்கம் கோளாறு. மாற்றமே இல்லையென்றால் வால்வுதான். அதற்கு ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு லேப்பிங் (வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) செய்தால் போதும். கிராங்கைத் தொட வேண்டியதில்லை.

சரி, மிச்சமிருக்கும் ‘டிக் டிக்’? எல்லா ‘டிக்’கும் டேப்பட் இல்லை. சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்டு பைப் ஹெட்டில் சொருகும் இடத்தில் கரி படிந்திருந்தால் அது புகைக் கசிவு. அச்சு அசலாக டேப்பட் போலவே கேட்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடும். ஏற்றத்தில் மட்டும், டப்பாவில் கூழாங்கல் குலுக்கின மாதிரி வந்தால் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விழும் நேரத்தை, பாருங்கள். டேப்பட்டைச் சரியாக வைத்தும் சில நாளிலேயே ஆட்டம் திரும்ப வந்தால் டேப்பட்டின் அடிப்பாகமோ அதைத் தூக்கும் கேமோ தேய்கிறது; அதைத் தள்ளிப்போடக் கூடாது. பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாயிண்ட் அடி தேய்ந்து இடைவெளி குறைந்தால் டைமிங் பின்னால் போய் வண்டி சோம்பிவிடும்.

கெட்டி ஆயில் யோசனையை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சத்தத்தை மூடும், கோளாறை அல்ல.

கேள்வி: பழைய மாருதி 800. சாவியைத் திருப்பினால் ‘டிக்டிக்டிக்’ மட்டும்தான், எஞ்சின் சுற்றவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். லைட் மங்கினால் பேட்டரியோ டெர்மினலோதான். டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் கழற்றி வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து இறுக்குங்கள். லைட் மங்காமல், ஒரே ஒரு ‘டக்’கோடு நின்றால் மட்டும் மோட்டாரைச் சந்தேகப்படலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.