நெட் கம்பெனியை மாற்றினால் பழைய மெயில் முகவரி என்ன ஆகும்?

கேள்வி: பதினைந்து வருடமாக ஒரே நிறுவனத்தின் இணைய இணைப்பு வைத்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் எல்லா இடத்திலும் கொடுத்திருக்கிறேன். இப்போது வேறு நிறுவனத்துக்கு மாறப்போகிறேன். செல்போன் எண்ணைப் போல இந்த முகவரியையும் கூடவே கொண்டுபோக முடியுமா?

பதில்: புது நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது பழைய நிறுவனத்தின் டொமைன், அதாவது இணையத்தில் அந்த நிறுவனத்துக்கு உரிய பெயர். யாராவது உங்களுக்கு மெயில் அனுப்பினால், அனுப்பும் சர்வர் (மெயிலைக் கையாளும் கணினி) முதலில் அந்த டொமைனின் எம்எக்ஸ் பதிவை, அதாவது அங்கே வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் குறிப்பைத் தேடி, அது காட்டும் சர்வரில் கொண்டுபோய்க் கொடுக்கும். குறிக்கு முன்னால் இருக்கும் உங்கள் பெயரை அந்த சர்வர்தான் பார்த்துப் பிரிக்கும். அந்தப் பெயரை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வழியில்லை.

ஆனால் பழைய நிறுவனமே பெட்டியை விட்டுவைக்கலாம். சிலர் இலவசமாக விடுவார்கள், சிலர் கட்டணம் கேட்பார்கள், சிலர் இணைப்பைத் துண்டித்ததுமே அழித்துவிடுவார்கள். துண்டித்த பிறகு எத்தனை நாள் வைத்திருப்பார்கள், கட்டணம் உண்டா, வருகிற மெயிலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரி என்று சொன்னாலும் அதை வீடு மாற்றக் கிடைத்த அவகாசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மெயில் சேவையையே இழுத்து மூடிய இணைய நிறுவனங்கள் உண்டு.

எனக்கு இதில் பெரிய கவலை பழைய கடிதங்கள் அல்ல, பாஸ்வேர்டுகள்தான். வங்கித் தளத்தில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்பதை அழுத்தினால் லிங்க் எங்கே போகும்? நீங்கள் பதிவு செய்த முகவரிக்கு. அந்தப் பெட்டி இல்லை என்றால் கணக்கு இருந்தும் உள்ளே போக முடியாது. முகவரியை மாற்றலாம் என்று போனாலும், உறுதிப்படுத்தும் குறியீட்டைப் பழைய முகவரிக்கே அனுப்பும் தளங்கள் பல. அதனால்தான் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யச் சொல்கிறேன். வங்கி, வரி, காப்பீடு, போன் கணக்கு, புகைப்படம் சேமிக்கும் இடம் என்று முக்கியமானவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கெல்லாம் பதிவு செய்தோம் என்பது நினைவில் இருக்காது. பழைய பெட்டியின் தேடல் கட்டத்தில் ‘வெரிஃபை’, ‘வெல்கம்’, ‘பாஸ்வேர்டு’, ‘இன்வாய்ஸ்’ ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என்றோ திறந்து மறந்துபோன கணக்குகள் வரிசையாக வந்து நிற்கும்.

அழிந்த முகவரி வேறொருவர் கைக்குப் போகவும் கூடும். பன்னிரண்டு மாதமாகப் பயன்படுத்தப்படாத பயனர் பெயர்களை மற்றவர்களுக்குக் கொடுக்கப்போவதாக யாஹூ 2013-ல் அறிவித்தது. உங்கள் பழைய பெயரை வாங்குகிறவருக்கு உங்கள் பாஸ்வேர்டு லிங்க்கும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அடுத்தது சேர்த்துவைத்த மெயில்கள். “எல்லாம் என் கணினியில்தான் தெரிகிறதே” என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஐமேப் முறையில் இணைத்திருந்தால் உங்கள் கணினி காட்டுவது சர்வரில் இருப்பதன் நகலைத்தான். அங்கே அழிந்தால் இங்கேயும் போய்விடலாம். தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளில் பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டையும் ஐமேப்பில் சேர்த்து, கோப்புறைகளைப் பழையதிலிருந்து புதியதற்கு நகலெடுங்கள். ‘நகர்த்து’ வேண்டாம், ‘நகலெடு’ போதும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும். அனுப்பிய மெயில்களின் கோப்புறையைப் பலர் மறந்துவிடுவார்கள். இன்னொரு நகலைக் கணினியின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் வையுங்கள். அப்புறம் நெட்டைத் துண்டித்துவிட்டு, பழைய மெயில் ஒன்றை அங்கிருந்து திறந்து, அதோடு வந்த கோப்பும் திறக்கிறதா என்று பாருங்கள். தொடர்புப் பட்டியல் மெயிலோடு சேர்ந்து வராது, அதைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

பழைய பெட்டியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும்: மெயில் வரும், ஆனால் அனுப்பினால் போகாது. சில நிறுவனங்களின் அனுப்பும் சர்வர் தங்கள் இணைப்பிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். மெயில் மென்பொருளின் அமைப்பில், அனுப்பும் சர்வருக்கான போர்ட் (மெயில் எந்த வாசல் வழியாகப் போகிறது என்று காட்டும் எண்) 25 என்று இருந்தால் 587 என்று மாற்றி, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது முகவரியிலிருந்தே பதில் எழுதுங்கள்.

புது முகவரியை எங்கே திறப்பது? புது இணைய நிறுவனம் தருவதை மட்டும் எடுக்காதீர்கள், அடுத்த முறை இதே கதைதான். இணைப்போடு ஒட்டாத ஜிமெயில், அவுட்லுக் போன்றவை பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. அவ்வப்போது உள்ளே போய்வாருங்கள். தொழில் செய்கிறவர் என்றால் சொந்தமாக டொமைன் வாங்குவதையே நான் சொல்வேன். மெயில் சேவை தருகிறவரை மாற்றினாலும் எம்எக்ஸ் பதிவைத் திருத்தினால் போதும், முகவரி அப்படியே இருக்கும். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் மட்டும் அதுவும் பறிபோகும், அதனால் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள்.

இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் போன் கடைசியில்தான். அதற்கு முன் ஒரு மாதமாவது பழைய பெட்டிக்கு யார் யார் இன்னும் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அங்கே வரும் ஒவ்வொரு மெயிலும் நீங்கள் முகவரி மாற்ற மறந்த ஓர் இடம்.