ஸ்கீ பள்ளிக்கூடம் கேட்கும் மகளும் காரி த்ரோவின் தொப்பிகளும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. மகள் பத்தாம் வகுப்பு முடிந்ததும் நோர்வேயின் பெர்கன் நகரை விட்டு வொஸ் என்ற ஊருக்குப் போய், ஸ்கீயோடு (பனிச்சறுக்கோடு) சேர்த்துப் படிக்கப்போகிறேன் என்கிறாள்; விடலாமா? ஸ்கீ முடிந்த பிறகு ஒலிம்பிக் வீராங்கனை காரி த்ரோ மாதிரி உடுப்புக் கொம்பனி தொடங்குவேன் என்கிறாள், இதையெல்லாம் நம்பலாமா? இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். பிள்ளை காட்டும் உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் பதக்கம் முதலில், கொம்பனி பிறகு என்று அவள் விளங்கி வைத்திருப்பதுதான் பிசகு.

காரி த்ரோ 1974இல் வொஸ்ஸில் பிறந்தவர். அவருடைய போட்டி மொகுல் என்ற ஸ்கீ வகை. செங்குத்தான சரிவில் பனிமேடுகள் வரிசையாக நிற்கும். முழங்கால் இரண்டும் ஸ்பிரிங் போல மடிந்து மடிந்து எழும்ப அவற்றின் மேலாக இறங்க வேண்டும், இடையில் இரண்டு பாய்ச்சல். அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். திரும்பும் விதத்துக்கும் பாய்ச்சலுக்கும் நடுவர்கள் புள்ளி போடுவார்கள், நேரத்துக்குத் தனிப் புள்ளி. 1992 ஒலிம்பிக்கில் இறங்கியபோது அவருக்கு 18 வயது, பதக்கம் இல்லை. 1998 நகானோவில் வெண்கலம், 2002 சால்ட் லேக் சிட்டியில் தங்கம், 2006 டூரினில் வெள்ளி. முதல் ஒலிம்பிக்குக்கும் தங்கத்துக்கும் இடையில் பத்து வருடம். மகளிடம் இந்தப் பத்து வருடத்தைப் பற்றிக் கட்டாயம் கதையுங்கள். அந்தக் காலத்து அரை நிமிட ஓட்டங்களுக்காக முழங்கால் எத்தனை ஆயிரம் தடவை மடிந்திருக்கும் என்று அவளையே யோசிக்கவிடுங்கள்.

இனித் தொப்பிக்கு வருவோம். உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் காரி கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்காத ஒரு பெண்ணின் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவர் பெயரிலேயே 2002இல் தொடங்கிய பிராண்ட். அதற்குப் பிறகும் அவர் போட்டிக்குப் போனார். டூரின் வெள்ளி நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. அதாவது ஒரு கதவை மூடிவிட்டு மற்றக் கதவைத் தட்டவில்லை, இரண்டும் கொஞ்சக் காலம் ஒன்றாகத் திறந்திருந்தன.

என்ன விற்றார் என்பதையும் பாருங்கள். பெண்களுக்கு மட்டுமான விளையாட்டு உடுப்பு. அதிலும் பூவேலைப்பாடு போட்ட மெரினோ (மென்மையான ஆட்டுரோம) கம்பளி உள்ளுடுப்புத்தான் பெயர் வாங்கியது. மகள் பார்ணஹாக (பாலர் பள்ளி) போன நாட்களில் 'உள்ளே கம்பளி போட்டு அனுப்புங்கள்' என்று சொல்லியே உங்களைக் களைக்கவைத்திருப்பார்கள். வேர்வையில் நனைந்தாலும் சூடு விடாது, கெதியாக மணக்காது, அதுதான் காரணம். நோர்வேயில் எல்லா வீட்டிலும் இருந்த அந்தச் சாமானை, மேல்சட்டையைக் கழற்றினாலும் வெட்கப்படத் தேவையில்லாதபடி வடிவாக்கினார்கள். குளிரில் வேலை செய்யும் உடம்புக்கு என்ன வேண்டும் என்று சரிவில் வருடக்கணக்காக நின்றவருக்குத் தெரியாமல் இருக்குமா? தங்கப் பதக்கம் கடைக்காரரிடம் பேச்சைத் தொடங்க உதவியிருக்கும். அடுத்த குளிர்காலமும் அதே பெண் வந்து வாங்குவது உடுப்பின் தரத்தால்தான்.

இன்னொன்று. இன்று அந்தப் பிராண்ட் ஆக்டிவ் பிராண்ட்ஸ் என்ற கொம்பனியின் கையில் இருக்கிறது. டேலி, யோஹாவ் என்று வேறு ஸ்கீ வீரர்களின் பெயரில் உள்ள உடுப்புகளும் அங்கேதான். கணக்கு, தையல், சரக்கு, விற்பனை என்று பெரிய கூட்டமே பின்னால் நிற்கிறது. மகளுக்கு இந்தத் துறை பிடித்திருந்தால் அந்தக் கூட்டத்திலும் நல்ல வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பதக்கம் தேவையில்லை. கோடை விடுமுறையில் விளையாட்டுச் சாமான் கடையொன்றில் வேலைக்கு விடுங்கள். எந்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள், ஏன் என்று அங்கே நின்று பார்க்கட்டும்.

சரி, பள்ளிக்கூடம். 'ஸ்கீ படித்தால் படிப்புப் போச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுப் பிரிவும் பல்கலைக்கழகத்துக்கான பொதுத் தகுதியைக் கொடுக்கும் பிரிவுதான். உங்கள் உண்மையான பயம் மருத்துவம் என்று நினைக்கிறேன், நீங்கள் அதை ஓரிடத்தில் மட்டும் மெல்லச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது: மருத்துவத்துக்கு மேல்நிலைப் பள்ளிக் கணிதத்தில் ஆர்1 என்ற பாடம் அல்லது எஸ்1, எஸ்2 என்ற பாடங்கள் இரண்டும் வேண்டும், பௌதிகம் 1 வேண்டும், இரசாயனம் 1, 2 இரண்டும் வேண்டும். பயிற்சி நேரத்தோடு இதையெல்லாம் ஒரே கால அட்டவணைக்குள் அடைப்பது கஷ்டம். விடுபட்ட பாடத்தைப் பிறகு வெளிவாரியாக எழுதலாம், ஆனால் ஒரு வருடம் கூடலாம். ஒரு வருடம் பெரிய நட்டமில்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் வீட்டில் வேறு மாதிரி நினைக்கலாம். அதற்கு முன் மகளிடம் ஒரு கேள்வி இருக்கிறது: மருத்துவம் அவளுக்கு வேண்டுமா, உங்களுக்கா?

விண்ணப்ப முடிவு மார்ச் 1. ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான், அதற்கு முன்பே மகளையும் கூட்டிக்கொண்டு வொஸ் போய் வாருங்கள். பள்ளியின் ஆலோசகரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இரசாயனம் இரண்டும் எடுக்க வழி உண்டா, காயம்பட்டால் பிரிவு மாறலாமா, தனியாக அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு லோனெகாஸன் (அரச கல்விக் கடன் நிதியம்) உதவித்தொகை கிடைக்குமா. முதல் கேள்விக்கு உரிய பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேள்விகளை மகளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.